ஹாமெல்ன் கதைக்குள் எலி எப்போது நுழைந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளுக்கும் பண்டிகை வழக்கங்களுக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழ் நாளிதழில் இந்தப் பொருளுக்கு இவ்வளவு இடம் கிடைப்பது அரிது. அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தப் பக்கத்தில் மூன்று செய்திகள் பிழையாக வந்துவிட்டன. ஜெர்மனியின் ஹாமெல்ன் ஊர்க் குழலூதியின் கதை பிளேக் நோயின் நினைவு என்பது ஒன்று. ஈஸ்டர் முயல் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பெண் தெய்வத்தின் விலங்கு என்பது இரண்டாவது. ரைன் நதிக்கரைப் பாறையில் ஆளை மயக்கும் பெண்ணான லோரெலை, படகோட்டிகள் ஆதிகாலம் முதல் சொல்லிவரும் கதை என்பது மூன்றாவது. மூன்றையும் ஆவணங்களை வைத்தே சரிபார்க்கலாம். அப்படிச் சரிபார்க்கும் முறை தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேடியப்பன் கற்களுக்கு (வேடியப்பனாக வழிபடப்படும் நடுகற்களுக்கு) நடுவே வாழ்கிறவர்களுக்கு இன்றைக்கே தேவைப்படுவது. கடிதம் நீண்டதற்கு அதுதான் காரணம்.

குழலூதியிலிருந்து தொடங்குகிறோம். ஒரு கதை எந்தக் காலத்தில் எதைச் சேர்த்துக்கொண்டது என்பதை இத்தனை தெளிவாகக் காட்டும் ஊர்க்கதை வேறு கிடைப்பது கடினம்.

ஆங்கிலம் படித்தவர்கள் பலரும் அறிந்திருப்பது ராபர்ட் பிரௌனிங் 1842இல் வெளியிட்ட கவிதையின் வடிவத்தை. ஊரில் எலித் தொல்லை. பலவண்ண உடை போட்ட ஒருவன் குழல் ஊதி எலிகளை ஆற்றில் இறக்குகிறான். பேசிய கூலியை ஊர்ப் பெரியவர்கள் தர மறுக்கிறார்கள். அவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைக்குள் போய்விடுகிறான். பிரௌனிங் தரும் தேதி 1376 ஜூலை 22. ஹாமெல்ன் நகரத்தின் மரபு காக்கும் தேதியோ 1284 ஜூன் 26. தொண்ணூற்றிரண்டு ஆண்டு வேறுபாடு! பிரௌனிங்கின் தேதி 1605இல் வெளியான ஓர் ஆங்கில நூலிலேயே இருக்கிறது. தேதி இப்படி மாறியிருந்தால் கதைக்குள்ளும் ஏதாவது மாறியிருக்கும் என்று அப்போதே சந்தேகப்பட வேண்டும்.

கதையை விரிவாகச் சொல்லும் ஆவணங்களில் இன்று கையில் இருப்பவற்றுள் மிகப் பழையது லூனெபர்க் நகரில் கிடைத்த கையெழுத்துப் படி. 1440, 1450 அளவில் லத்தீனில் எழுதப்பட்டது. அதில் உள்ளது இவ்வளவுதான்: சுமார் 30 வயதுள்ள, அழகான, நன்றாக உடுத்திய ஒருவன் பாலத்தைக் கடந்து வேசர் ஆற்று வாயில் வழியாக ஊருக்குள் வந்தான்; வெள்ளிக் குழலை ஊதினான்; அதைக் கேட்ட பிள்ளைகள் 130 பேர் அவன் பின்னால் கிழக்கு வாயில் வழியாகப் போனார்கள்; கொலைக்களம் இருந்த இடத்தருகே மறைந்தார்கள்; தாய்மார்கள் ஊர் ஊராகத் தேடியும் கிடைக்கவில்லை. தேவாலயத் தலைவர் ஒருவரின் தாய் அவர்கள் போனதைக் கண்ணால் பார்த்தாராம். எலி இல்லை. கூலித் தகராறு இல்லை. பழிவாங்கல் இல்லை.

1556இல் ஊரில் ஒரு புதிய வாயில் கட்டினார்கள். மந்திரவாதி ஒருவன் 130 பிள்ளைகளை ஊரிலிருந்து அழைத்துச் சென்று 272 ஆண்டு கழித்து இந்த வாயில் கட்டப்பட்டது என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. கழித்துப் பார்த்தால் சரியாக 1284 வரும். அதிலும் எலி இல்லை. ஹாமெல்ன் தெருவில் 1602, 1603இல் எழுந்த ஒரு வீட்டின் முகப்பில் தேதி, பலவண்ண உடை, 130 பிள்ளைகள் எல்லாம் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இன்று அந்த வீட்டுக்கே எலிபிடிப்பவன் வீடு என்றுதான் பெயர்; முகப்பு எழுத்தில் எலி கிடையாது.

எலி முதலில் வருவது 1565 அளவில், ட்சிம்மெர்ன் என்ற பிரபுக் குடும்பத்தின் வரலாற்றேட்டில். அந்தக் குடும்பம் ஹாமெல்னிலிருந்து மிகத் தொலைவில், தென் ஜெர்மனியில் இருந்தது. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கும் எலிக்கும் இடையே 280 ஆண்டு. ஊர் ஊராகத் திரிந்து எலி பிடிப்பது அக்காலத்தில் ஒரு தொழில். கூலி கிடைக்காத எலிபிடிப்பவனின் கதைகள் வேறு ஊர்களிலும் தனியாக வழங்கின. இரண்டு கதைகள் சேர்ந்ததும் பழைய கதைக்கு அதுவரை இல்லாத ஒன்று கிடைத்தது: காரணம். பிள்ளைகள் ஏன் போனார்கள் என்ற கேள்விக்குக் கேட்பவர் மனம் ஏற்கும் பதில். கதை உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பதிலின் பலத்தில்தான் என்று நாங்கள் கருதுகிறோம்.

இப்போது பிளேக்குக்கு வருவோம். கரும்பிளேக் ஜெர்மன் நிலப்பகுதியை எட்டியது 1340களின் கடைசியில். 1284க்கு அறுபது ஆண்டுக்கு மேல் கழித்து. இன்னொரு தடையும் இருக்கிறது. எலியையும் பிளேக்கையும் இணைத்துப் பார்க்கும் அறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் உறுதிப்பட்டது. எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக நோய் பரவுகிறது என்பதை 1898இல் கராச்சியில் செய்த சோதனையில் காட்டியவர் பால் லூயி சிமோன். 1565இல் கதைக்குள் எலியை எழுதியவருக்கு அது பிளேக்கின் குறியீடாக இருந்திருக்க வழியே இல்லை. பிளேக் விளக்கம் நம் காலத்து அறிவைப் பழைய கதையின் மேல் ஏற்றிய விளக்கம்.

அப்படியானால் 1284இல் என்ன நடந்தது? அறிஞர்கள் பலர் சாய்வது கிழக்கே நடந்த குடியேற்றத்தின் பக்கம். அந்நூற்றாண்டில் கிழக்கில் புதிய ஊர்களை அமைக்க முகவர்கள் மேற்கு ஊர்களுக்கு வந்து இளையோரை அழைத்துச் சென்றார்கள். ஹாமெல்ன் வட்டாரத்துப் பெயர்கள் கிழக்கே உள்ள பிரிக்னிட்ஸ், உக்கர்மார்க் பகுதிகளில் திரும்ப வருவதை யூர்கன் உடோல்ஃப் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். வேறு விளக்கங்களும் உண்டு. சிறுவர் சிலுவைப்போர் நடந்தது 1212இல், காலம் ஒத்துவராது. 1260இல் ஹாமெல்ன்காரர்கள் தோற்ற ஒரு போர் உண்டு. அதற்கும் 24 ஆண்டு இடைவெளி. குடியேற்றக் கருத்தும் முழுதாக நிறுவப்பட்டதல்ல. ஆனாலும் அது பழைய ஆவணத்தில் உள்ளதை மட்டும் விளக்க முயல்கிறது. பின்னால் வந்து சேர்ந்த எலியை விளக்கப் போகவில்லை. எங்களுக்கு அதன் மேல் மதிப்பு ஏற்பட அதுவே காரணம்.

பிள்ளைகள் போனதாகச் சொல்லப்படும் தெருவில் இன்றும் மேளமோ இசையோ கூடாது என்பது ஹாமெல்ன் வழக்கம். கதைக்குள் எது வந்தாலும் போனாலும், அந்தத் தெருவின் மௌனத்தை ஊர் காத்துவருகிறது.

லோரெலை பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ரைன் ஆறு குறுகி வளையும் இடத்தில் 132 மீட்டர் உயரப் பாறை நிற்கிறது. அதன் எதிரொலி இடைக்காலத்திலிருந்தே பேர்பெற்றது. ஆனால் அந்தப் பாறையோடு சேர்த்துச் சொல்லப்படும், ஆளை மயக்கும் பெண் பிறந்தது க்ளெமென்ஸ் பிரெண்டானோ என்ற கவிஞரின் எழுதுகோலில், 1801 அளவில். 1824இல் ஹைன்ரிச் ஹைனே அதை எடுத்துப் பாடினார். பழங்காலத்துக் கதை என்று அந்தப் பாட்டிலேயே சொல்லவும் செய்தார். 1830களில் ஃபிரீட்ரிக் ஸில்ஷெர் மெட்டமைத்த பின் அது எல்லார் வாயிலும் ஏறியது. கவிஞர் ஒருவரின் கற்பனை ஒரே தலைமுறையில் ஊர்ப் பழங்கதையாகிவிட்டது.

ஈஸ்டர் முயலின் வரலாறு இதைவிடப் பாடம் தருவது, ஏனென்றால் இங்கே கதையை வளர்த்தவர்கள் அறிஞர்கள். 725இல் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி, ஆங்கிலேயர் ஒரு காலத்தில் ஒரு மாதத்துக்கு இயோஸ்ட்ரே என்ற பெண் தெய்வத்தின் பெயரை வைத்திருந்தார்கள் என்று ஒரு வரி எழுதினார். அந்தத் தெய்வத்துக்கு முயல் உண்டு, முட்டை உண்டு என்று அவர் எழுதவில்லை. 1835இல் ஜெர்மன் அறிஞர் யாக்கோப் கிரிம் அந்த வரியை வைத்து ஜெர்மானியருக்கும் ஒஸ்டாரா என்ற தெய்வம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1874இல் அடோல்ஃப் ஹோல்ட்ஸ்மன், ஈஸ்டர் முயல் தனக்கு விளங்கவில்லை, ஒருவேளை அது ஒஸ்டாராவின் விலங்காக இருக்கலாம் என்றார். அந்த ‘ஒருவேளை’ அடுத்தடுத்த நூல்களில் உதிர்ந்துவிட்டது. முட்டை கொண்டுவரும் முயலைப் பற்றிய தெளிவான எழுத்துப் பதிவு 1682இல், கியோர்க் ஃபிராங்க் ஃபொன் ஃபிராங்கெனாவ் என்ற மருத்துவர் எழுதிய லத்தீன் நூலில் கிடைக்கிறது. அவர் அதை அல்சாஸ் முதலிய பகுதிகளில் குழந்தைகளுக்குச் சொல்லும் கதையாகத்தான் குறிப்பிடுகிறார். முட்டையை அளவுக்கு மீறித் தின்றால் உடம்புக்கு என்ன ஆகும் என்பதே அவருடைய கவலை.

நம் மாவட்டங்களின் தேவாலயங்களில் டிசம்பரில் ஏற்றும் திருவருகைக்கால வளையத்தை (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் மெழுகுவர்த்தி ஏற்றும் தழை வளையத்தை) ‘பழங்குடிச் சூரியச் சக்கரம்’ என்று சிலர் விளக்குவதால் அதையும் சொல்லிவிடுகிறோம். அதைத் தொடங்கிவைத்தவர் யார் என்பது தெரியும். யோஹன் ஹின்ரிச் விஷெர்ன், ஹாம்பர்க்கில் ஆதரவற்ற சிறுவர்களுக்காக இல்லம் நடத்திய லுத்தரன் போதகர். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று சிறுவர்கள் ஓயாமல் கேட்டதால் 1839இல் ஒரு வண்டிச்சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார் என்பது மரபு. வார நாளுக்குச் சிறிய சிவப்பு, ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை. அந்த ஆண்டு திருவருகைக்காலம் டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. ஆகவே 24ஆம் தேதி வரை 20 சிறியது, 4 பெரியது. முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையே நகரும் என்பதால் சிறியவற்றின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும். பசுந்தழை சுற்றியது 1860 வாக்கில். வீடுகளுக்குப் பரவியபோது சிறிய வர்த்திகள் விடுபட்டு நான்கு மட்டும் நின்றன. கத்தோலிக்கக் கோயில்களுக்கு அது 1920களில்தான் வந்தது. ஊதா மூன்று, இளஞ்சிவப்பு ஒன்று என்ற நிறம் வழிபாட்டு உடையின் நிறத்தைப் பார்த்து அமைந்தது. இங்கே ஃபிர் தழை கிடைக்காததால் சவுக்குத் தழை கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சவுக்கு இரண்டாவது வாரத்திலேயே காய்ந்து சருகாகிவிடும். மூன்றாம் ஞாயிறுக்கு முன் தழையை மாற்றுங்கள். வர்த்தியை உலோகக் கிண்ணத்தில் நிறுத்துங்கள். சுடருக்கும் தழைக்கும் நாலு விரற்கடையாவது இடைவெளி விடுங்கள். எரிந்துகொண்டிருக்கையில் மின்விசிறி வேண்டாம்.

யாக்கோப், வில்ஹெல்ம் என்ற கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பில் இருந்தால் அது பழமைக்குச் சான்று என்ற எண்ணமும் அந்தப் பக்கத்தில் தெரிந்தது. முதல் பாகம் 1812, இரண்டாவது 1815, அவர்கள் காலத்திலேயே ஏழாம் பதிப்பு 1857. கதை சொன்னவர்களில் பலர் படித்த நகரக் குடும்பத்துப் பெண்கள். அவர்களில் ஹாசன்ஃப்ளுக் குடும்பம் பிரெஞ்சு புரொட்டஸ்டன்ட் வழிவந்தது. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை கிரிம்களுக்கு அந்தக் குடும்பத்து வழியில்தான் வந்தது, அதே கதை பாரிஸில் 1697இலேயே அச்சாகியிருந்தது. பதிப்புக்குப் பதிப்பு வில்ஹெல்ம் கிரிம் திருத்தியும் வந்தார். 1812 பதிப்பில் ஹான்சலையும் கிரேட்டலையும் காட்டில் விடச் சொல்பவள் பெற்ற தாய். 1840 பதிப்பில் அவள் மாற்றாந்தாய். பழைய கதைகளில் மாற்றாந்தாய்க் கொடுமை நிறைந்திருக்கிறது என்று இந்தத் தொகுப்பை மட்டும் வைத்து முடிவுகட்டுகிறவர்கள் எந்தப் பதிப்பைப் படித்தோம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

யாக்கோப் கிரிமிடம் கற்க வேண்டியது வேறொன்று. 1815இல் வியன்னாவில் இருந்தபோது கதை சேகரிப்பவர்களுக்காக அவர் ஒரு சுற்றறிக்கை அச்சிட்டு அனுப்பினார். சொன்னவரின் சொல்லை மாற்றாமல், அழகுபடுத்தாமல், முடிந்த இடத்திலெல்லாம் வட்டார வழக்கிலேயே எழுத வேண்டும். குறையாகவும் துண்டாகவும் கிடைப்பதையும் தள்ளக்கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் எழுத வேண்டும். ஊர், வட்டாரம், காலம், சேகரித்தவர் பெயர், தேவையானால் சொன்னவர் பெயர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். இருநூறு ஆண்டு கடந்தும் இதில் மாற்ற வேண்டியது அதிகம் இல்லை. அவருக்கும் முன்பே இங்கே ஒரு ஜெர்மானியர் இதே வழியில் வேலை செய்திருந்தார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, தமிழர்களைக் கேட்டும் கடிதம் எழுதி வரவழைத்தும், 1713இல் ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி உட்பட நம் தெய்வங்களைப் பற்றி நூல் எழுதி முடித்தார். அது அச்சேறியது 1867இல், சென்னையில்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நிற்கும் நடுகற்களில் பல, வேடியப்பனாக வழிபடப்படுகின்றன. பல கற்களில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து உண்டு. எழுத்து பெரும்பாலும் ஒரே வரிசையில் போகும்: அரசன் பெயரும் ஆட்சியாண்டும், அவனுக்குக் கீழ் இருந்த தலைவன், ஊர், தொறு (மாட்டு மந்தை) கொண்டபோதோ மீட்டபோதோ நடந்த பூசல், பட்டவன் பெயர், கடைசியில் ‘கல்’. அதாவது ஒரு மாட்டு மந்தைக்காக உயிர்விட்ட ஆளின் பெயரும் ஆண்டும் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. ஆனால் அதே கல்லைப் பற்றி ஊரில் கேட்டால் புலியோடு மோதியவன் என்பார்கள், அண்ணன் தம்பிச் சண்டை என்பார்கள், வேட்டைக்குப் போன சாமி என்பார்கள். ஹாமெல்னில் லூனெபர்க் கையெழுத்துப் படியும் எலிக்கதையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோலத்தான் இதுவும். இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். கல்வெட்டைப் படித்துவிட்டு ஊர்க்காரரின் கதையைத் திருத்தப் போகக்கூடாது. ஊர்க்கதையைக் கேட்டுவிட்டுக் கல்லில் புலியைத் தேடவும் கூடாது.

ஆட்கள் ஒன்றாக உருகிப்போவதும் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது. ஜெர்மனியின் கைஃப்ஹாய்சர் மலைக்குள் தாடி வளர, கல்மேசை முன் உறங்கும் பேரரசர் முதலில் 1250இல் இறந்த இரண்டாம் ஃபிரீட்ரிக். 1519இல் அச்சான ஒரு சிறு நூலிலிருந்து அந்த இடத்தில் அவருடைய தாத்தா பார்பரோசா வந்து அமர்ந்தார். அவரோ 1190இல் துருக்கியில் ஓர் ஆற்றில் மூழ்கி இறந்தவர். 1896இல் அந்த மலையில் 81 மீட்டர் உயர நினைவுச்சின்னமே எழுந்துவிட்டது. நம் பக்கம் அதியமானோடு பேசிய சங்க கால ஔவையும், பல நூற்றாண்டு கழித்து ஆத்திசூடி எழுதிய ஔவையும் ஊர்க்கதையில் ஒரே கிழவியாகிவிட்டார்கள். நெல்லிக்கனி கொடுத்தது புறநானூறு 91ஆம் பாட்டில் இருக்கிறது. கனி கிடைத்த இடத்தைப் பெருமலையின் பிளவு என்று மட்டுமே பாட்டு சொல்கிறது. மலையின் பெயர் இல்லை. தகடூர் (இன்றைய தர்மபுரி) வட்டாரத்தில் இந்த மலைதான் என்று கைகாட்டுகிறவர்கள் சொல்வது அதற்குப் பிந்தைய அடுக்கு. ஜம்பை என்ற ஊரில் 1981இல் வெளிப்பட்ட கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் உண்டு. நெல்லி அதிலும் இல்லை. இதைச் சொன்னால் நம் பெருமை குறையும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு பதில்: எந்த மலை என்று எந்த ஊர் சொல்கிறது என்பதே எழுதி வைக்க வேண்டிய செய்தி.

பெருங்கற்காலச் சின்னங்களிலும் இதே கதைதான். வட ஜெர்மனியில் மிகப்பெரிய கற்களால் ஆன கல்லறைகளை அரக்கர்கள் கட்டியதாகச் சொல்வார்கள், கல்லின் அளவைப் பார்த்து. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்தில் இருப்பதுபோன்ற கற்திட்டைகளை (பலகைக்கற்களால் ஆன பழங்காலக் கல்லறைகளை) தமிழ்நாட்டில் பாண்டவர் இருந்த இடம் என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்கிறார்கள். குள்ளர் வந்தது பலகைக்கல்லில் இட்ட சின்ன இடுதுளையைப் பார்த்து. கண் எதைப் பார்த்ததோ கதை அதற்கு ஆள் தேடிக்கொண்டது.

இனிச் சேகரிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் இளைஞர்களுக்கும் செய்முறை. கதை கேட்கப் போகும்போது ‘இது ரொம்பப் பழைய கதைதானே?’ என்று தொடங்கினால் ஆமாம் என்ற பதில் தவிர வேறு வராது. 1865இல் வில்ஹெல்ம் மன்ஹார்ட் என்ற ஜெர்மன் அறிஞர் அறுவடை வழக்கங்களைப் பற்றி வினாத்தாள் அனுப்பி, வந்த பதில்களில் தானியத்துக்குள் உறையும் ஆவியைக் கண்டார். அப்படி வந்தவற்றுள் ஒன்று, கம்பங்கொல்லை போன்ற, ரை என்ற தானியம் விளையும் வயலுக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்ட கிழவி. பிறகு 1930களில் ஃபொன் சைடோ என்ற ஸ்வீடன் அறிஞர் சுட்டிக்காட்டியது எளிமையானது: குழந்தைகள் கதிரை மிதித்துவிடாமல் இருக்கப் பெரியவர்கள் சொன்ன பயமுறுத்தல் அது, சொன்ன பெரியவர்களே நம்பியதில்லை. யார் யாரிடம் எதற்காகச் சொன்னார் என்று வினாத்தாளில் கேட்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

ஆகவே முதலில் கதையை முழுதாகச் சொல்லவிடுங்கள். குறுக்கே பேச வேண்டாம். முடிந்த பிறகு கேளுங்கள்: யார் சொல்லிக் கேட்டீர்கள், எந்த வேலையின்போது, எந்த நாளில் சொல்வது வழக்கம், யாருக்குச் சொல்ல மாட்டீர்கள், அந்த இடத்தில் என்ன படைப்பீர்கள், எந்தக் குடும்பம் பொங்கல் வைக்கும், படையல் எப்போது மாறியது. அதே கதையை இன்னொருவரிடம் தனியாகக் கேளுங்கள். கூட்டமாக உட்காரவைத்தால் குரல் ஓங்கியவர் சொல்வதே எல்லாருடைய கதையும் ஆகும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கிலோ கன்னடத்திலோ சொன்னால் அந்த மொழியிலேயே பதிவு செய்யுங்கள். தமிழில் சுருக்கம் மட்டும் எழுதிவைத்தால் பாட்டு வரிகள் தொலைந்துவிடும்.

மிகவும் ஏமாற்றுவது, படித்ததைத் திருப்பிச் சொல்வது. ஜெர்மனியில் ஹான்ஸ் மோசர் 1960களில் இதை விரிவாக எழுதினார்: ஆய்வாளர் எழுதிய விளக்கம் பத்திரிகைக்கும் பள்ளிக்கும் போய், சில ஆண்டில் ஊர்க்காரர் வாயிலிருந்தே ‘முன்னோர் சொன்னது’ என்று திரும்பி வரும், அதை அடுத்த ஆய்வாளர் சான்றாக எழுதுவார். தங்கள் நாளிதழில் வரும் ஒவ்வொரு வரியும் இந்தச் சுற்றுக்குள் போகக்கூடியது. ஊர்ப் பெயர்ப்பலகை, கும்பாபிஷேகப் பத்திரிகை, கைப்பேசிச் செய்தி இவற்றில் கதை முன்பே அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையும் தேதியோடு சேர்த்து வையுங்கள்.

கல்லைப் பொறுத்தவரை பெரிய சேதம் செய்வது பக்தியின் பெயரால் வரும் பெயின்ட்டும் சிமென்ட்டும்தான். எனாமல் பூசினால் மெல்லிய எழுத்து நிரம்பிவிடும். கல்லை நிமிர்த்திப் பீடம் கட்டி அடியில் சிமென்ட் போட்டால் கீழ்வரிகள் புதைந்துவிடும். சாலை அகலப்படுத்தும்போது கல்லை நகர்த்தினால் அது எந்த எல்லையில் நின்றது என்பது போய்விடும். நகர்த்துவதற்கு முன் இருப்பிடத்தைக் கைப்பேசியில் குறித்து, சுற்றிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்குள் சுண்ணக்கட்டியோ மாவோ நிரப்பிப் படிக்காதீர்கள். நிரப்புகிறவர் எதை எழுத்தென்று நினைத்தாரோ அதுதான் படத்தில் விழும், உண்மையான கீறல் விழாது. பூசாரியிடம் அனுமதி கேட்டு, காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எடுங்கள். நிழலில் நிற்கும் கல்லானால் கைவிளக்கை இடப்பக்கம், வலப்பக்கம், மேல்பக்கம் என்று கல்லை ஒட்டினாற்போல் பிடித்து வேறு வேறு படம் எடுங்கள். ஓர் அளவுகோலைப் படத்துக்குள் வையுங்கள். மைப்படி எடுப்பது (கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பது) பழகியவர் வேலை. கல்லைத் தண்ணீரால் மெல்லத் துலக்கி, தாளை நனைத்து ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, ஈரம் சற்று வற்றியதும் மை ஒற்ற வேண்டும். தாள் அதிக ஈரமாக இருந்தால் மை ஊறி எழுத்து மூடிக்கொள்ளும். காய்ந்துபோனால் தாள் பெயரும். தெரியாதவர் முயல வேண்டாம். தர்மபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகமும் கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகமும் இருக்கின்றன. படத்தையும் இருப்பிடத்தையும் அங்கே கொடுத்தால் போதும்.

தங்களிடம் கேட்பது ஒன்று. இனி ஊர்க்கதையோ வழக்கமோ, அது ஹாமெல்னிலிருந்து வந்தாலும் பென்னாகரத்திலிருந்து வந்தாலும், அதன் கீழே நான்கு வரி சேர்த்து அச்சிடுங்கள்: கதை வழங்கும் ஊர், சொன்னவரின் வயதும் தொழிலும் (அவர் சம்மதித்தால் பெயரும்), கேட்ட நாள், இதுவரை தெரிந்த முதல் எழுத்துப் பதிவின் ஆண்டு. நான்காவது வரிக்கு விடை கிடைக்காத இடத்தில் ‘கிடைக்கவில்லை’ என்றே போடுங்கள். ‘பன்னெடுங்காலமாக’ என்று நிரப்ப வேண்டாம். பின்னால் யாராவது ஒரு ஆண்டைக் கண்டுபிடித்து எழுதினால் அதையும் இதே பகுதியில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நாட்டார் வழக்காறு சேகரிக்கும் வாசகர்கள் சிலர்,
பென்னாகரம், தர்மபுரி மாவட்டம்